கூடை நிறைய ஜிலேபி... கையில் காசில்லை!

மூலக்கொத்தளத்தில் கூடை வைத்து ஏரி மீன் விற்கும் ஆயாவிடம் பேரன் கேட்டான்: "இன்னா ஆயா, எல்லாமே ஜிலேபியா கீது? வெரா மீனு எங்க?"

"வெரா வந்தா நான் ஏன்டா பொழுதுக்கும் வெயில்ல குந்தினு கீறேன்? அது வந்தவுடனே வித்துப்பூடும். இத்த பாரு, கை நீளங்கூட இல்ல. முள்ளுதான் மிச்சம்னு பேரம் பேசுறாங்க."

ஆயாவின் அலுப்புக்குப் பின்னால் ஓர் ஏரிக் கணக்கு இருக்கிறது.

ஜிலேபி நம் ஊர் மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. குளத்தில் விட்டால் தானே பெருகும், ஏழை வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால், அது பெருகிய வேகத்தைப் பார்த்து 1959-லேயே தடை போட வேண்டியதாயிற்று. அதற்குள் மீன் ஊரெல்லாம் பரவிவிட்டது.

கட்லாவும் ரோகுவும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கி நிற்கும் ஏரியில் அவற்றின் குஞ்சுகளை நாம்தான் விட வேண்டும். ஜிலேபிக்கு அந்தக் கவலை இல்லை. ஆண் மீன் தரையில் குழி பறிக்கும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். இது வருடத்துக்குப் பல தடவை நடக்கும்.

ஏரியில் தீனியோ அதே அளவுதான். நாலு பேர் சோற்றை நாற்பது பேர் பங்கு போட்டால் என்ன ஆகும்? ஜிலேபியே வளராமல் குறுகிப்போகும். ஆனாலும் அந்தச் சின்ன உடம்போடு இனப்பெருக்கம் செய்யும். கூட இருக்கும் மீன்களும் இளைக்கும். ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் ஜிலேபி வந்தபிறகு கெண்டை மீன்களின் சராசரி எடை குறைந்தது.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டதை வடசென்னை மறந்திருக்காது. அப்படி நீர் வற்றும்போது காற்றுக்குத் திணறி பல மீன்கள் சாகும். ஜிலேபி தாக்குப்பிடிக்கும். மழை பெய்ததும் மிஞ்சிய சிலவே மறுபடி ஏரியை நிரப்பிவிடும்.

இதற்குக் கடிவாளம் போடக்கூடியது நம் விரால்தான். ஜிலேபிக் குஞ்சுகளை அது தின்று குறைத்தால், மிச்சமுள்ளவை சதை போடும். விரால் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். அந்த நேரத்தில் வலை வீசாமல் விட்டாலே ஏரிக்குப் பாதி வைத்தியம் முடிந்தது.