மடக்கினால் முடிந்தது பேச்சு

செல்போன் இந்தியாவில் முதன்முதலாக ஒலித்த நகரம் கொல்கத்தா. அங்கே பட்டன் போனோடு காலம் தள்ளுகிறவர்களைக் கருவி கைவிடவில்லை. கைவிடப் பார்ப்பது சுற்றியுள்ள உலகம்தான்.

கொல்கத்தாவின் சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் மார்க்கெட் ஆரம்பித்துவிடுகிறது. மின்விசிறி, ஒலிபெருக்கி, பழைய தொலைக்காட்சியின் உள்ளுறுப்புகள் என்று எதையும் இங்கே தேடிப் பிடிக்கலாம். நடைபாதையிலும் சந்துகளிலும் செல்போன் பழுது பார்ப்பவர்களின் மேஜைகள். ஒரு கை அகலத்துக்கு மேல் இடம் கிடையாது. ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பல் துலக்கும் பிரஷ், ஊசி முனை திருப்புளிகள். மேஜையை நிறைத்திருப்பவை தொடுதிரைப் போன்கள்தாம். ஆனால் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வேறொரு தலைமுறை காத்திருக்கிறது: பட்டன் போன்கள். அவற்றிலும் தனி ஜாதி, திறந்து மூடும் மடக்கு போன்.

மடக்கு போனுக்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான். மணி அடிக்கிறது, குரல் கேட்கிறது, படம் மட்டும் வருவதில்லை. மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைக்கும் கீலுக்குள் தாள்போல மெல்லிய ஒரு பட்டைக் கம்பி ஓடுகிறது. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் அது ஒரு நாள் விரிசல் விட்டுவிடுகிறது. மாற்றுப் பட்டை கிடைத்தால் போன் பிழைத்தது. கிடைக்காவிட்டால் செத்துப்போன இன்னொரு போனிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். இப்படி ஒரு போனைக் கொண்டு வருகிறவரின் முதல் கேள்வி, செலவு எவ்வளவு ஆகும் என்பதல்ல. உள்ளே இருக்கும் எண்கள் தப்புமா என்பதுதான்.

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. இவர்களுடைய எண்களுக்கு இணையத்தில் நகல் எதுவும் கிடையாது. சிம் அட்டையில் ஏறக்குறைய 250 பெயர்களுக்குத்தான் இடம். சொந்த ஊர், முதலாளி, மளிகைக் கடை, மருத்துவர், மகளின் புகுந்த வீடு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

சாந்தினியிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் பி.பி.டி. பாக், பழைய டல்ஹௌசி சதுக்கம். அதன் வடபுறத்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்கும் சிவப்புக் கட்டடம் ரைட்டர்ஸ் பில்டிங். 1995 ஜூலை 31 அன்று இங்கிருந்துதான் அன்றைய முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அது. நிமிடத்துக்குக் கட்டணம் 16 ரூபாய்வரை இருந்த காலம். அழைப்பவர் மட்டுமல்ல, அழைப்பைப் பெறுகிறவரும் பணம் கட்ட வேண்டும். 1882இல் கல்கத்தாவின் முதல் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டபோது சந்தாதாரர்கள் 93 பேர்தான். நூறு ஆண்டுகள் கழித்து வந்த செல்போனும் அதே மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் ஆடம்பரமாகத்தான் நகரத்துக்குள் நுழைந்தது. 2013இல் மாநிலத் தலைமைச் செயலகம் ஆற்றுக்கு அக்கரையில் ஹௌராவின் நபன்னாவுக்கு மாறிவிட்டது. ரைட்டர்ஸ் பில்டிங்குக்கு எதிரே பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் இன்று போன் இல்லாத கை அபூர்வம்.

இடையில் நடந்தது நீண்ட கதை. 1996இல் மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் வந்தது. மடிப்பு வடிவத்தில் வந்த முதல் செல்போன். 2004இல் அதே நிறுவனத்தின் ரேசர். ஒரு காலத்தில் மடக்கு போனைப் படாரென்று திறப்பது அந்தஸ்து. ஆனால் ஏழையின் கைக்குப் போன் வந்தது வேறு வழியில். 2003 மே மாதம் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத விசைப் பலகை, தலையில் ஒரு டார்ச். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். பட்டன் போனின் பொற்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையிலிருந்து கோடிக்கணக்கான போன்கள் நாடெங்கும் போயின. 2014இல் அது மூடப்பட்டது.

இன்று கொல்கத்தாவில் பட்டன் போனை யார் வைத்திருக்கிறார்கள்? பீகாரிலிருந்து வந்து கைரிக்ஷா இழுப்பவர்கள், புர்ராபஜாரில் தலையில் மூட்டை சுமப்பவர்கள், மஞ்சள் டாக்சி ஓட்டும் முதியவர்கள், விடியற்காலை கானிங் ரயிலில் வந்து பாலிகஞ்சிலும் ஜாதவ்பூரிலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சால்ட் லேக் வீடுகளில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்றவர்கள். மடக்கு போன் அதிகமும் இவர்கள் கையில்தான். 2022இல் நோக்கியா 2660 ஃபிளிப் இந்தியாவுக்கு வந்ததே இத்தகையவர்களை மனத்தில் வைத்துத்தான்: பெரிய எழுத்து, பெரிய பட்டன், ஆபத்துக்கு அழைக்கத் தனி விசை. முதல் வகையினருக்கு இது கட்டுபடியாகும் போன். இரண்டாவது வகையினருக்குக் கைக்குப் பழகிய போன்.

இந்தப் போனோடு வாழ்வதில் சில நிம்மதிகள் உண்டு. திறந்தால் பேச்சு தொடங்கும், மடக்கினால் முடியும். பேச்சு முடிந்ததா என்ற சந்தேகமே இல்லை. சட்டைப் பைக்குள் கிடந்து தானாக யாரையும் அழைப்பதில்லை. சார்ஜ் நான்கைந்து நாள் தாங்கும். பாட்டரி உப்பினால் மூடியைக் கழற்றிப் புதியது போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நகரத்தில், தவறி விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லாத போன் என்பது சிறிய விஷயமல்ல. மஹாளய அமாவாசை விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டி பாராயணத்தைக் கேட்காமல் வங்காளிக்குத் துர்கா பூஜை தொடங்குவதில்லை. வீட்டில் ரேடியோ பெட்டி இல்லாதவர்களுக்கு அன்று இந்தப் போனே ரேடியோ. காதில் செருகும் ஒயர்தான் ஏரியல்.

தொல்லைகளும் உண்டு. ‘எஸ்’ என்ற ஓர் எழுத்துக்கு 7ஆம் எண்ணை நான்கு முறை அழுத்த வேண்டும். அதனால் செய்தி எழுதுவதைவிட அழைத்துவிடுவதே சுலபம். எழுதுவதைவிடப் பெரிய சங்கடம் பெறுவதில் இருக்கிறது. விளம்பரக் குறுஞ்செய்திகளால் பெட்டி நிறைந்துவிட்டால், வங்கியோ ரேஷன் கடையோ அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் உள்ளே வராது. கவுன்டரில் நிற்கிறவர் பின்னால் வரிசை முணுமுணுக்க, பழைய செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பார்.

எழுத வராத இடத்தில் உருவானதுதான் மிஸ்டு கால் மொழி. ஒரு மணி என்றால் வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு மணி என்றால் திருப்பிக் கூப்பிடு. ஆளுக்கு ஆள் அகராதி மாறும், ஆனால் புரிய வேண்டியவருக்குப் புரியும். பெரிய நிறுவனங்களே இந்த மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2021 ஜனவரி முதல் இண்டேன் சமையல் வாயுவை ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்யலாம் என்று இந்தியன் ஆயில் அறிவித்தது.

ஆனால் நகரம் எல்லா இடத்திலும் அப்படி இறங்கி வருவதில்லை. மஞ்சள் டாக்சிகளை வாடகைக் கார் நிறுவனங்களின் போட்டியிலிருந்து காப்பாற்ற மேற்கு வங்க அரசு 2023இல் ‘யாத்ரி சாத்தி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. நல்ல யோசனை. ஆனால் அந்தச் செயலி ஓட தொடுதிரைப் போன் வேண்டும். ஹௌரா பாலத்தையும் ஷியாம் பஜாரின் சந்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கத் தெரிந்த ஓட்டுநர், கையில் பட்டன் போன் இருப்பதால் சவாரிக்குக் கை காட்டுகிறவர்களை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டும்.

ஜால்முரி விற்பவரின் கூடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பட்டன் போன்காரர்களும் பணம் அனுப்பலாம் என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ‘யுபிஐ 123பே’ திட்டத்தைத் தொடங்கியது. இணையம் வேண்டாம். ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும் வழிகளைக் கேட்டு, எண்களை அழுத்தி, ரகசிய எண்ணைப் போட்டால் பணம் போய்விடும். 2025 ஜனவரி முதல் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்வரை அனுப்பலாம். திட்டத்தில் குறையில்லை. ஆனால் பத்து ரூபாய் ஜால்முரிக்கு இத்தனை படி ஏறி இறங்கும்வரை, பின்னால் நிற்பவர் காத்திருக்க மாட்டார். ஆகவே பட்டன் போன்காரரின் பையில் சில்லறை கட்டாயம்.

இதைவிட ஆழமான அடி ரீசார்ஜில் விழுந்தது. உள்வரும் அழைப்பு இலவசம் என்ற நம்பிக்கையில்தான் கோடிக்கணக்கானவர்கள் செல்போன் வாங்கினார்கள். 2018 இறுதியில் தனியார் நிறுவனங்கள், மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வரும் அழைப்பும் நிற்கும் என்றன. 2024 ஜூலையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகை 199 ரூபாய் ஆயிற்று. அந்த மாதத்துக்கும் 28 நாள்தான். ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டும், 2,587 ரூபாய். இணையமே திறக்காத போனுக்கு இணையத்தையும் சேர்த்து விலை. ஆண்டுச் செலவு போனின் விலையைத் தாண்டிவிடுகிறது.

புகார்கள் பெருகவே, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. 84 நாளுக்கு ஏறக்குறைய 450லிருந்து 470 ரூபாய். கணக்குப் போட்டால் லாபம்தான். ஆனால் அன்றாடக் கூலிக்காரர் மூன்று மாதப் பணத்தை ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். மலிவான திட்டத்தை வாங்கவும் கையில் முதல் வேண்டியிருக்கிறது.

அலைவரிசையின் எதிர்காலமும் இவர்கள் கையில் இல்லை. 2019இல் ஏர்டெல் தன் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கியது கொல்கத்தாவில்தான். பட்டன் போன்களுக்காக 2ஜியை மட்டும் விட்டு வைத்தது. ஜியோவில் 2ஜி கிடையாது, அதன் சிம் பழைய போன்களில் உயிர் பெறாது. 30 கோடிப் பேர் இன்னும் 2ஜி யுகத்தில் சிக்கிக்கிடக்கிறார்கள், அதை முடித்துவைக்கக் கொள்கை முடிவு வேண்டும் என்று முகேஷ் அம்பானி 2020 டிசம்பரில் பேசினார். சிக்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது எல்லாம் இந்தப் போனில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாததற்குத்தான் விலை கேட்கிறார்கள்.

மாலையில் சியால்தா நிலையத்தின் தெற்குப் பகுதி நடைமேடைகள் நிரம்பி வழிகின்றன. நான்கைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து முடித்த பெண்கள் கானிங் ரயிலுக்கு ஓடி வருகிறார்கள். இடுப்பில் செருகிய துணிப் பையில் வெற்றிலை, சில்லறை, ஒரு பட்டன் போன். பெட்டிக்குள் கால் வைக்க இடம் கிடைத்ததும் போன் வெளியே வருகிறது. வீட்டு எண்ணுக்கு ஒரே ஒரு மணி, உடனே துண்டிப்பு. ரயில் ஏறியாயிற்று என்று அங்கே தெரிந்துவிடும், உலை வைக்கலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த ஒரு மணி ஒலிக்க வேண்டுமென்றால் 28 நாளுக்கு ஒருமுறை 199 ரூபாய் வேண்டும்.