தைபே – ஷாங்காய்: 690 கிலோமீட்டருக்கு அரை நாள்

விமானப் பயண நேரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலான ஊர்களுக்கு ஓரளவு சரியாகவே வரும். தைவானின் தைபேக்கும் சீனாவின் ஷாங்காய்க்கும் மட்டும் இந்தக் கணக்கு பல வருடங்கள் செல்லுபடியாகவே இல்லை!

உலக வரைபடத்தில் பாருங்கள். இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. தைபேயிலிருந்து நேர் வடக்கே சுமார் 690 கி.மீ. போனால் ஷாங்காய். ஒன்றரை மணி நேரம்கூட ஆகக்கூடாது. ஆனால் 2008 வரை சாதாரணப் பயணி என்ன செய்தார்? முதலில் தென்மேற்கே 800 கி.மீ. பறந்து ஹாங்காங் போனார். அங்கே விமானம் மாறி, 1,200 கி.மீ.க்கு மேல் வடகிழக்கே வந்தார். தூரம் மூன்று மடங்கு. காத்திருப்பையும் சேர்த்தால் அரை நாள் காலி.

காரணம் 1949. உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் அரசு தைவானுக்குப் போனதும், இரு கரைகளுக்கும் இடையே நேரடிப் போக்குவரத்து நின்றது. கூடவே போன சிப்பாய்கள் பெற்றோரை, சிலர் மனைவியைக்கூட, விட்டுவிட்டுப் போனவர்கள். சொந்தங்களைப் பார்க்கச் சீனா போகலாம் என்று தைவான் அனுமதித்தது 1987 நவம்பரில்தான். 38 வருடம் கழித்துப் போனவர்களில் பலருக்கு அம்மாவின் கல்லறைதான் மிச்சம். அந்தப் பயணமும் சுற்று வழியில்தான்.

பிறகு தைவான் முதலாளிகள் ஷாங்காய்ப் பக்கம், குன்ஷான் போன்ற ஊர்களில், தொழிற்சாலை கட்டினார்கள். டிக்கெட் செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறும். ஒவ்வொரு தடவையும் தொலைந்த அரை நாளை எந்தத் தலைப்பில் எழுதுவது?

தடை தவணை முறையில் விலகியது. 2003 சீனப் புத்தாண்டுக்குத் தைவான் தொழிலதிபர்களுக்காகச் சிறப்பு விமானங்கள் விட்டார்கள். இதில் வேடிக்கை, பயணிகள் விமானம் மாறவேண்டாம், ஆனால் விமானம் வழியில் இறங்கி ஏறவேண்டும். தரையைத் தொட்டால் அது 'நேரடி' இல்லையாம்! 2005ல் இறங்கவேண்டாம், ஹாங்காங் பக்கம் வான்வழியாகச் சுற்றினால் போதும் என்றார்கள். 2008 ஜூலையில் வார இறுதி விமானங்கள் வந்தபோதும் அதே சுற்றுதான். 2008 டிசம்பர் 15 அன்றுதான் கடலுக்கு மேலே நேர்வழி திறந்தது. விமானமோ இன்ஜினோ மாறவில்லை, பயணம் மட்டும் சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

2010 ஜூனில் தைபேயின் சோங்ஷானுக்கும் ஷாங்காயின் ஹோங்ச்சியாவுக்கும் இடையே விமானங்கள் ஓட ஆரம்பித்தன. இரண்டுமே ஊருக்குள் இருக்கும் விமான நிலையங்கள். காலையில் கிளம்பி, மீட்டிங் முடித்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். 1949ல் 20 வயதில் கப்பல் ஏறிய சிப்பாய் அன்று உயிரோடு இருந்தால் அவருக்கு 81 வயது.