ஆணை இல்லாத ஆவணம்

'ஆவணம்' என்னும் சொல் என் போன்ற எழுத்தர்களுக்குப் பழகிப் புளித்த சொல். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை அதனோடுதான் எங்கள் வாழ்வு. ஆனால் அதே சொல்லின் பின்னால் 'படம்' என்பதைச் சேர்த்து 'ஆவணப்படம்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் கொட்டாவி விடுகிறார். திரையரங்கில் முதன்மைப் படம் தொடங்குவதற்கு முன்னால் காட்டப்பட்ட அரசுச் செய்திப்படத்தின் நினைவு நம்மவரை விட்டு இன்னும் அகலவில்லை. என் இளமையில் மாயவரத்துத் திரையரங்குகளில், அணைக்கட்டுத் திறப்பு விழா திரையில் நடந்துகொண்டிருக்கும் போதுதான் பாதிப் பேர் வேர்க்கடலை வாங்கி முடிப்பார்கள்.

அந்தப் படங்களைத் தயாரித்தது 1948-இல் தோற்றுவிக்கப்பெற்ற பிலிம்ஸ் டிவிஷன். அதன் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டும்; காட்டுவதற்கு வாடகையும் தர வேண்டும். பார்ப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் படம் ஓடும். 2022-இல் அந்தப் பிரிவு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அது செய்த பணியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும், ஆவணப்படம் என்றாலே அரசுக் காரியம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஊன்றியதற்கும் அதுவே காரணமாயிற்று.

உண்மை நேர்மாறானது. ஆங்கில அரசு போர்க்காலத்தில் நடத்திய படப்பிரிவு 1946-இல் மூடப்பட்டது. புதிய பிரிவு பிறந்ததோ 1948-இல். இடைப்பட்ட 1947 ஆகஸ்டுத் திங்களில், நாடு விடுதலை பெற்ற அந்த நள்ளிரவில், அதைப் படம் பிடிக்க மைய அரசுக்கென்று ஒரு படப்பிரிவு இல்லை. தனியார் படப்பிடிப்பாளர்களும் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனத்தாரும் தத்தம் முயற்சியால் எடுத்த காட்சிகளைத்தான் இன்றும் ஆகஸ்டு பதினைந்தாம் நாள்தோறும் தொலைக்காட்சியில் கண்டு நாம் நெஞ்சம் நெகிழ்கிறோம்.

இன்னொரு செய்தியும் தமிழர் அறிந்து மகிழத்தக்கது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே ஒரு தமிழர் இத்துறையில் தனியே இறங்கினார். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. 'டாகுமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் சுற்றினார். முப்பதாண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படப்பிடிப்பாளர்கள் எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி, ஐம்பதாயிரம் அடிச் சுருளைத் திரட்டி, அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடிப் படம் ஒன்றை அமைத்தார். ஓடும் நேரம் இரண்டு மணிக்கு மேல். தமிழ் விளக்கவுரையோடு 1940 ஆகஸ்டு 23 அன்று அது வெளியாயிற்று. இதற்கென அவருக்கு எந்த அரசும் ஆணை வழங்கவில்லை. ஆட்சியில் இருந்த அரசோ அதை விரும்பக்கூடிய அரசும் அன்று.

இவற்றையெல்லாம் ஒரு குமாஸ்தா ஏன் தேடிப் படித்தான் என்று அன்பர்கள் வினவலாம். என் வீட்டில் எழுந்த ஒரு சிக்கலே காரணம்.

என் மகளுக்கு வயது இருபத்திரண்டு. தில்லியில் பிறந்தவள், இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தவள், பட்டம் பெற்றவள். அவளை மைய அரசின் பணியாளர் தேர்வுக்கு எழுத வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் முடிவு. அதில் குறை காண இயலாது. என் தந்தையார் ஒரு தகரப் பெட்டியோடு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய நாள் முதல், மாதம் முடிந்தால் சம்பளம் என்னும் ஒரே உறுதியில்தான் எங்கள் குடும்பம் இந்நகரில் வேர்விட்டிருக்கிறது. சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டுக் கதையும் இதுவே. இந்நிலையில், ஆவணப்படம் எடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேரப் போவதாக அவள் ஒருநாள் சொன்னாள். ஊதியம் நான் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கு. சேமநல நிதி கிடையாது. படம் முடிந்தால் வேலையும் முடியலாம்.

"அது சோறு போடுமா?" என்றாள் என் மனைவி. "முதுமலை யானைக் குட்டிகளைப் பற்றிய தமிழ்ப் படத்துக்கு 2023-இல் ஆஸ்கார் கிடைத்ததே, அம்மா! நீங்களும் பார்த்து அழுதீர்களே!" என்றாள் மகள். "அழுதேன். அழுதால் வாடகை கொடுப்பார்களா?" என்று பதில் வந்தது. இருவருக்கும் நடுவில் நான் கோப்பில் குறிப்பு எழுதுபவன்போல, இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு, முடிவு சொல்லாமல் ஒரு வாரம் கழித்தேன்.

என் அச்சம் பணத்தோடு நிற்கவில்லை. சுதந்திரமாகப் படம் எடுப்போர் நீதிமன்றப் படியேறுவது இந்நாட்டில் புதிதன்று. கே. ஏ. அப்பாஸ் 1968-இல், நம் சென்னையும் உள்ளிட்ட நான்கு மாநகரங்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். தணிக்கைக் குழு வெட்டச் சொன்ன காட்சிகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1970-இல் வந்த தீர்ப்பு, முன்தணிக்கை செல்லும் என்றது. ஆனால் காலவரையும் மேல்முறையீட்டு வழியும் வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஆனந்த் பட்வர்தன் தம் படங்களைத் தூர்தர்ஷனில் காட்டச் செய்ய ஒவ்வொரு முறையும் வழக்காட நேர்ந்தது. அவற்றுள் ஒரு வழக்கில் 2006-இல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. படமோ 1995-இல் எடுத்தது! ஒரு படத்துக்குப் பதினோரு ஆண்டு. அரசு ஊழியன் வீட்டுப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை எதற்கு என்று என் உள்ளம் தயங்கியது.

அந்த நிறுவனத்தை நேரில் பார்த்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை அவளோடு சென்றேன். தென் தில்லியில் ஒரு வீட்டின் அடித்தளம், மூன்று அறைகள், ஐந்து பேர். ஒரு மூலையில் மடக்குக் கட்டில். இதுவா நிறுவனம் என்று எண்ணினேன். ஆனால் சுவரோடு சேர்ந்த இரும்பு அலமாரியைத் திறந்து காட்டியபோது என் எண்ணம் மாறிற்று. புத்தக அளவிலான ஹார்டு டிஸ்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் எண், நாள், இடம். பக்கத்தில் ஒரு பதிவேடு: பேசியவர் பெயர், பேசிய மொழி, எத்தனை நிமிடம், அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் எண். ஒவ்வொன்றுக்கும் இரு படிகள்; ஒன்று இங்கே, மற்றொன்று வேறொருவர் வீட்டில். இருபது ஆண்டுகளாகப் பதிவறைப் புழுதியில் தும்மிக்கொண்டிருப்பவன் நான்; நன்றாகப் பேணப்பட்ட பதிவேட்டை முதற்பார்வையிலேயே அறிவேன்.

அவர்கள் அப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்துக்குத் தமிழ் அறிந்த ஒருவர் தேவைப்பட்டதே என் மகளுக்கு அங்கு இடம் கிடைத்த காரணம். ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டி, 'மதராஸி கேம்ப்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கே தமிழர்கள் வாழ்ந்தார்கள். நம்மில் பலர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களும் சமையல் செய்தவர்களும் அங்கிருந்து வந்தவர்களே. வடிகாலைச் சீர்செய்வதற்காக, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று கணக்கிடப்பட்டன. நரேலா நகரின் வடகோடி.

மகளுக்குத் துணையாக நானும் ஒருமுறை நரேலாவுக்குப் போனேன். அறுபதைக் கடந்த ஓர் அம்மையார், கேமரா முன் அமர்ந்து பேசினார். வீடு இடிந்ததைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. எந்த வீட்டில் எந்த ஆண்டு வேலை செய்தார், அந்த வீட்டுக் குழந்தைகள் யார் யார், எவர் இப்போது எந்நாட்டில் இருக்கிறார், எவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். நாற்பதாண்டுத் தில்லித் தமிழர் வரலாறு அவர் நாவில் இருந்தது. "பஸ் பிடிச்சுப் போய் வர நாலு மணி நேரம் ஆவுது, அதனால வேலையை விட்டுட்டேன் பாப்பா" என்று முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார் எந்த டிப்பார்ட்மெண்டு?" என்றார். சொன்னேன். "அப்ப இதெல்லாம் உங்க பைல்ல இருக்குமே" என்றார்.

அதற்கு நான் என்ன சொல்வது? எங்கள் அலுவலக விதிப்படி கோப்புகள் மூன்று வகை. 'ஏ' வகையை நிரந்தரமாகக் காத்து, நுண்படமும் எடுக்க வேண்டும். 'பி' வகையை நிரந்தரமாகக் காத்தால் போதும். 'சி' வகையைக் குறித்த ஆண்டுகள் கழிந்ததும் அழித்துவிடலாம். அந்த அம்மையாரின் குடியிருப்பைப் பற்றிய எண்ணிக்கையும் ஆணையும் எங்கேனும் ஒரு கோப்பில் இருக்கும். அவர் சொன்னவை எந்த வகையிலும் இரா. ஏனெனில் அவற்றைக் கேட்டு எழுது என்று எவருக்கும் ஆணையில்லை. அரசைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் கோப்பு விடை சொல்லும். கேட்காத கேள்வியைக் கேட்க வேறொருவர் வேண்டும். செட்டியார் கப்பலேறிக் கேட்டார். அடித்தள அறைக்காரர்கள் பேருந்தேறிக் கேட்கிறார்கள்.

திரும்பும் வழியில், "சரி, சேர்ந்துகொள். இரண்டு ஆண்டு பார்ப்போம்" என்றேன். மனைவிக்கு முழு உடன்பாடு இல்லை. தேர்வுக்கான விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்தாள். மகள் நிரப்பினாள். அதுவும் நியாயமே. இப்போது அவள் வேலைக்குச் சென்று சில மாதங்கள் ஆகின்றன. ஒருமுறை சம்பளம் இருபது நாள் தாமதமாக வந்தது. அந்த மாதம் நான் எதுவும் பேசவில்லை, மனைவியும் பேசவில்லை. அதுவே எங்கள் வீட்டில் ஒரு முன்னேற்றம்.

செட்டியார் படத்தின் பிற்கதையையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு அரிய முயற்சியின் தமிழ் வடிவம் நெடுங்காலம் எவர் கைக்கும் அகப்படவில்லை. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சுருக்கி அமைக்கப்பெற்ற வடிவம்தான், மிகப் பின்னாளில் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வாளர் ஒருவரின் முயற்சியால் வெளிப்பட்டது. எடுப்பது பாதி வேலை. காப்பது மீதிப் பாதி. தனியார் நிறுவனம் மூடப்பட்டால் அதன் அலமாரியைக் காக்க எந்த விதியும் இல்லை.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வீட்டுப் பரண்களில் பழைய ஆண்டு விழாப் புகைப்படங்கள், நாடக ஒத்திகை ஒலிநாடாக்கள், திருமண வீடியோக்கள் கிடக்கின்றன. கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் நம் மூத்தோர் வாழ்ந்த முறைக்குச் சான்று அவைதாம். வீடு மாற்றும்போது பழைய சாமான்காரனுக்கு எடை போட்டுவிடாதீர்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரி எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்த அம்மையாரின் பெயரையும் அந்த வரியில் சேர்த்து எழுதுங்கள்.