பனிமலையும் பருவச்சீட்டும்

இரயிலில் கல்லூரிக்கு வந்து சென்ற நாள்களில் என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீசன் டிக்கெட் இருக்கும். நாள்தோறும் வருவோர்க்குக் கிட்டும் எளிய சலுகை அது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள வெய்ல் பனிச்சறுக்குத் தலத்திலும் பருவச்சீட்டு உண்டென அறிந்தபோது, அதுவும் அத்தகையதே என்றெண்ணினேன்.

1962இல் அத்தலம் திறக்கப்பட்டபோது ஒருநாள் சீட்டு 5 டாலர். 2008இல் பல மலைகளுக்கும் பொதுவான ‘எபிக்’ பருவச்சீட்டு 579 டாலருக்கு அறிமுகமாயிற்று. 2024-25 பருவத்திலோ, கூட்டம் மிகுந்த நாள்களில் ஒருநாள் சீட்டே 300 டாலரைத் தாண்டிவிட்டது. பனி விழுமுன்னரே பணம் செலுத்தியோர்க்கு மலை மலிவு; பனி குறைந்தால் ஏமாற்றமும் அவர்களுக்கே. நிறுவனத்திற்கோ வருவாய் முன்கூட்டியே உறுதி.

அம்மலைச்சரிவுகள் ஒயிட் ரிவர் தேசிய வனத்தைச் சார்ந்தவை. அரசின் அனுமதி பெற்றே அங்குச் சறுக்குத் தடங்கள் அமைகின்றன. ‘புளூ ஸ்கை பேசின்’ பகுதிக்குத் தடங்களை விரிக்க முற்பட்டபோது, லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் வாழிடம் அழியுமென எதிர்ப்பு எழுந்தது. 1998 அக்டோபரில் மலைமேலிருந்த கட்டடங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. தீவைப்பு அறமன்று. 2000இல் புதிய தடங்கள் திறக்கப்பட்டன. எனினும் வினா எஞ்சியே நிற்கின்றது.

பொதுவனத்தின் மரங்களை வீழ்த்தித் தடம் விரிப்பது யாருக்காக? ஆண்டிற்கொருமுறை பிள்ளைகளுடன் வரும் எளியவனுக்கு அதில் பங்கில்லையா? பனியை இறைவன் விலையின்றியே பொழிகின்றான். மலையேற்றிவிடக் கூலி பெறுவது முறையே. அக்கூலியே எளியோரைத் தடுக்கும் மதிலாகிவிடலாகாது.