சரக்கின் அருமை சொல்லி வாங்கியவர்

“எழுபது வயசுக்கு மேல ஹர்ஷல் படேலோட யார்க்கரைப் பத்தி உங்களுக்கு என்னங்க கவலை?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2021 ஏப்ரலில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டை விட்டு வெளியே போக முடியாத காலம். பேத்திதான் ஃபேன்டஸி கிரிக்கெட் என்ற ஒன்றை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிளப்பிவிட்டாள். நான், மனைவியின் தம்பி, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இன்னும் சில உறவுக்காரர்கள். பைசா பந்தயம் கிடையாது. கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் போண்டாவும் காபியும் வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தால் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் நின்றுபோனபோது எங்கள் போண்டாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

விதிகள் எளிது. ஆளுக்கு நூறு புள்ளி முதல். அதை வைத்து ஏலத்தில் பதினொரு பேரை எடுக்கவேண்டும். நிஜ ஐபிஎல் ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் ஒரு ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபத்தைந்து, கேட்சுக்கு எட்டு, கேப்டனாகக் குறித்தவருக்கு எல்லாமே இரட்டிப்பு. ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளவேண்டுமானால் இரண்டு பேரும் சம்மதித்துக் குழுவில் சொல்லவேண்டும். டாஸ் போட்டபின் பேச்சு கிடையாது. பேத்தி எல்லாவற்றையும் என் பழைய வங்கி டைரியில் எழுதிவைத்தாள். ஒரு காலத்தில் நான் கடன் நிலுவை குறித்துவைத்த கோடுகளில் இப்போது பும்ராவும் டூப்ளெஸியும்.

ஏலத்தில் வாத்தியார் கையில் இருந்ததில் பாதியைக் கொட்டித் தோனியை எடுத்தார். கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த மனிதர் செய்கிற காரியமா இது? அந்த சீசன் முழுக்கத் தோனி எடுத்தது 114 ரன். வாத்தியாருக்கு அதில் துளி வருத்தம் இல்லை. யார் என்ன கொடுத்துக் கேட்டாலும், “அவரை மட்டும் கேட்காதீங்க” என்று முடித்துவிடுவார். அவர் புள்ளி சேர்க்க வந்தவரில்லை, தோனியை வைத்துக்கொள்ள வந்தவர் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நாளானது.

ஹர்ஷல் படேலைச் சீந்துவாரில்லை. டெல்லி அணியே ஜனவரியில் அவரை பெங்களூருக்குக் கைமாற்றிவிட்டிருந்தது. பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்ததால் பேத்தி அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போட்டாள். ஏப்ரல் 9, முதல் ஆட்டம், ஆளில்லாத சேப்பாக்கம். மும்பைக்கு எதிராக 27 ரன் கொடுத்து ஐந்து விக்கெட். ஐபிஎல்லில் மும்பையிடம் அதுவரை எவரும் ஐந்து எடுத்ததில்லை. அந்த ராத்திரியே பேத்தியின் போனுக்குப் பெரியவர்கள் படையெடுத்தோம். “தாத்தா, நீங்க தூங்கப் போங்க” என்று ஒரே வரியில் பதில் வந்தது. சீசன் முடிவில் ஹர்ஷல் 32 விக்கெட், 2013இல் பிராவோ எடுத்ததற்குச் சமம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்களே விட்டுவிட்ட ஆள். போண்டாவுக்கு ஆடுகிற நாங்கள் விட்டதில் என்ன ஆச்சரியம்!

நான் சொல்ல வந்தது ருதுராஜ் கெய்க்வாட் விவகாரம். அவரை ஏலத்தில் எடுத்தவர் என் மைத்துனர். மனிதர் தங்கமானவர், ஆனால் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை கூடப் பொறுக்கமாட்டார். ருதுராஜ் முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்தது 5, 5, 10. மறுநாள் காலையிலேயே, “அத்தான், இந்தப் பையனை யார் தலையிலயாவது கட்டிடணும்” என்று எனக்குப் போன். நான் பிடிகொடுக்கவில்லை. பிறகு வாத்தியாரிடம் போனார். ஒரு சுமாரான சுழற்பந்துக்காரரைக் கொடுத்தால் போதும் என்றார்.

இங்கேதான் வாத்தியார் ஒரு காரியம் செய்தார். “கொடுக்கிறது உங்க இஷ்டம் சார். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷமும் இந்தப் பையன் 0, 5, 0ன்னுதான் ஆரம்பிச்சான். அப்புறம் வரிசையா மூணு அரைசதம். இன்னும் ரெண்டு ஆட்டம் பாருங்களேன்” என்று குழுவிலேயே எழுதினார். வாங்கப்போகிறவர், விற்கப்போகிறவரிடம், சரக்கின் அருமையை ஊரறியச் சொல்கிறார்! இளவயதில் ஒரு சக ஊழியரிடம் பழைய மர்ஃபி ரேடியோவைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு, அந்தச் சாமர்த்தியத்தை வங்கி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆசாமி நான். அந்த ஊழியருக்கு அப்போது பணமுடை என்பது எனக்கும் தெரியும். எழுபதுக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வியாபாரம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று எழுதியிருந்தது போலும்.

மைத்துனர் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். மறுநாள் வான்கடேயில் கொல்கத்தாவுக்கு எதிராக ருதுராஜ் 64.

மே 4ஆம் தேதி கொரோனா தொற்றினால் சீசனே நின்றது. டைரியை மூடிவைத்தோம். அந்த மாதம் மைத்துனர் மருத்துவமனையில் கிடந்தார். குழுவில் கிரிக்கெட் பேச்சே இல்லை, ஆக்சிஜன் அளவு என்ன, இட்லி சாப்பிட்டாரா என்பதுதான். வாத்தியார் தினமும் காலையில் அவருக்கு ஒரு வரி அனுப்புவாராம். என்ன வரி என்று இரண்டு பேரும் இன்றுவரை சொன்னதில்லை.

செப்டம்பரில் ஆட்டம் துபாயில் மறுபடி தொடங்குவதற்கு முன்னால், “ருதுராஜை நீங்களே எடுத்துக்குங்க சார்” என்றார் வாத்தியார். பாதி உடம்பாகத் திரும்பியிருந்த மைத்துனர், “கொடுத்தது கொடுத்ததுதான்” என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் 19, மும்பைக்கு எதிராகச் சென்னை 24 ரன்னுக்கு நான்கு விக்கெட். ருதுராஜ் கடைசிவரை நின்று ஆட்டமிழக்காமல் 88. புள்ளியெல்லாம் வாத்தியார் கணக்கில் ஏறிக்கொண்டிருக்க, மைத்துனர் வீட்டில் விசில் சத்தம் என்று அவர் மனைவி போன் செய்தார். பும்ரா என் அணியில். நான் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்காகப் பொறுமைதான் எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. நான் ரெய்னாவைப் பழைய பாசத்தில் வைத்துக்கொண்டே இருந்தேன். 12 ஆட்டம், 160 ரன். எது பொறுமை, எது பிடிவாதம் என்பது அந்தந்தச் சமயத்தில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. சென்னை அணியில் அவர் இடத்துக்கு அக்டோபரில் வந்தவர் ராபின் உத்தப்பா. ராஜஸ்தானிலிருந்து ஜனவரியிலேயே வாங்கப்பட்டு அதுவரை பெஞ்சில் இருந்தவர். முதல் குவாலிஃபயரில் 63, இறுதிப்போட்டியில் 15 பந்தில் 31. எங்கள் யார் அணியிலும் அவர் இல்லை. ரன் வராதபோது பொறுத்திருக்க நமக்குத் தெரிகிறது, ஆட இடமே கிடைக்காமல் காத்திருப்பவன் நம் கண்ணில் படுவதே இல்லை.

அக்டோபர் 15 இறுதியில் டூப்ளெஸி 86 எடுத்து, சென்னை இன்னிங்ஸின் கடைசிப் பந்தைத் தூக்கி அடித்து அவுட். சீசன் மொத்தம் அவர் 633, ருதுராஜ் 635. ஆரஞ்சுத் தொப்பி ருதுராஜுக்கு. டூப்ளெஸியை வைத்திருந்தவர் என் மைத்துனர்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் குழுவில் முதலிடம் ஹர்ஷல் புண்ணியத்தில் பேத்திக்கு. போண்டா என் செலவு.

அடுத்த ஆண்டு ஐபிஎல்லில் அணிகள் பத்தாயின, பெரிய ஏலத்தில் நிறையப் பேர் இடம் மாறினார்கள். டைரியில் புதுப் பக்கம். மைத்துனர் இந்தத் தடவை எங்கள் ஏலத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ருதுராஜுக்கே முட்டிமோதினார். வாத்தியார் வழிவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ருதுராஜ் எடுத்தது 0, 1, 1, 16, 17.

ஐந்தாவது ஆட்டம் முடிந்த ராத்திரியே மைத்துனர் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறார். “சின்னத் தாத்தா, போன வருஷம் ஞாபகம் இருக்கா?” என்று அவள் கேட்டாளாம். நல்லாவே ஞாபகம் இருக்கு, நீ எடுத்துக்கோ என்றாராம். ஆறாவது ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராக 73.