ஸாக்குவின் கண்

அகிஹபாராவின் பெரிய சாலையிலிருந்து ஒதுங்கிய கட்டடம், மேல்மாடி. மாடல் கட்டுகிறவர்களுக்கு மேஜையும் விளக்கும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். டோக்கியோவின் சின்ன வீடுகளில் பெயின்ட் வாடைக்கும் உப்புத்தாள் தூசிக்கும் இடம் ஏது? அலுவலகம் முடிந்த கையோடு இங்கே வந்துவிடுகிறார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை.

ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகியிருக்கிறார். 1980 ஜூலையில் 300 யென்னுக்கு கன்டம் அனிமே தொடரின் முதல் ரோபோ கிட் கடைக்கு வந்தபோது பள்ளிச் சிறுவனாக இருந்திருப்பார். அன்றைய கிட்டைப் பசை தடவி ஒட்ட வேண்டும். வண்ணமும் நாமே அடிக்க வேண்டும். இன்று அவர் முன்னால் நிற்கும், அதே தொடரின் 1/100 அளவு ஸாக்கு ரோபோவுக்கு இரண்டும் வேண்டாம். வெட்டியெடுத்து அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். பச்சை பச்சையாகவே வார்க்கப்பட்டு வருகிறது. தோள் முள், இடுப்பைச் சுற்றும் குழாய், எதிலும் குறையில்லை. கதையில் 17.5 மீட்டர் உயரம், மேஜைமேல் 17.5 சென்டிமீட்டர்.

ஆனாலும் வலக்கைப் பக்கம் தனியாக வாங்கிய சின்னச் சின்ன பாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கடைசல் பிடித்த பித்தளை, அலுமினியத் துண்டுகள். அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு. மூக்குத்தித் திருகாணி அளவுகூட இல்லாத ஆணித் தலைகள்.

முதுகுப் பகுதியைக் கழற்றி, அதிலுள்ள பிளாஸ்டிக் ராக்கெட் நாசிலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். விளிம்பு கெட்டியாகத் தெரிகிறது. அதற்காகக் கிட்டைத் தயாரிக்கும் பண்டாய் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடி நிரம்ப இடம் வேண்டும். விளிம்பை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க வழியில்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் விளிம்பு, நிஜ அளவில் ஐந்து சென்டிமீட்டர் கனமாகிவிடுகிறது. உலோக நாசில் கடைசலில் இழைத்தது. அதன் விளிம்பு ஒரு கோடாக மட்டும் தெரிகிறது.

இனித் துளை. ஊசியால் முதலில் ஒரு குழி குத்துகிறார். இல்லாவிட்டால் துளைமுனை வழுக்கி ஓடும். பிறகு பின் வைஸ் என்ற கைத்துளைக் கருவியை விரல்களால் மெல்லத் திருகுகிறார். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வெளியே வருகிறது. அவசரமே இல்லை. நாசிலை ஒட்ட சூப்பர் குளூ. மாடல் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், உலோகத்திடம் அதன் வேலை நடக்காது.

குழாய்தான் நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு உலோகக் கணுவையும் சாமணத்தால் எடுத்து ஸ்பிரிங்கில் கோக்கிறார். வளைத்துப் பார்க்கிறார், ஒன்றைக் கழற்றுகிறார், மறுபடி வளைக்கிறார். வாயோரக் குழாய் சரியான வளைவில் நிற்கும்வரை விடவில்லை. ஒரு கணு உருண்டு தரையில் விழுந்தபோது அறையே காலை அசைக்காமல் காத்திருந்தது. எதிர் மேஜைக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். இருவரும் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள்.

கடைசியாகக் கண். ஸாக்குவுக்கு ஒற்றைக் கண். கிட்டோடு வந்ததை எடுத்துவிட்டு, வேவ் நிறுவனத்தின் எச்-ஐஸ் பாக்கெட்டிலிருந்து இளஞ்சிவப்பு அரைக்கோளம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அடியில் வெள்ளி நிற டேப். வெளியிலிருந்து விழும் ஒளியை அது திருப்பி அனுப்பும். இங்கே சூப்பர் குளூவைத் தொடவில்லை, அதன் ஆவி கண்ணாடிபோன்ற பாகத்தில் வெண்மையாகப் படிந்துவிடும். தண்ணீரில் கரையும் பசையில் ஒரு சொட்டு. தலையைச் சாய்க்கிறார். கண் அவரைப் பார்க்கிறது. பல்போ பேட்டரியோ இல்லாமல்!

ஆணித் தலைகளில் பெரும்பாலானவை பாக்கெட்டிலேயே இருக்கின்றன. முழங்காலில் சில, கணுக்காலில் சில, அவ்வளவுதான். ஒரு பொறியாளர் நிஜமாகவே போல்ட் வைத்து முடுக்கியிருக்கக்கூடிய இடங்கள் அவை. ஒரு மில்லிமீட்டர் தலை என்றால் நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் போல்ட். அதை மார்பெங்கும் பதித்தால் பதினேழு மீட்டர் இயந்திரம் சட்டென்று கையளவுப் பொம்மையாகச் சுருங்கிவிடும். உருவத்தைப் பெரிதாகக் காட்டுவதுதான் இந்தச் சிறு துண்டுகளின் வேலை. அவர் கை அதை அறிந்திருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த அந்தக் கையைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல்முறையாக இத்தகைய பாகங்களை வாங்க நினைத்தால், பெரிய செட்டுகளை விட்டுவிடுங்கள். ஒரு ஜோடி உலோக நாசில், ஒரு கண், ஒரு மில்லிமீட்டர் துளைமுனை போதும். மற்றவற்றை உங்கள் கிட் தானாகக் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.