பெட்டியில் ஆறு பேர்

பெட்டியின் மேல் "6 பேர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஸ்காபரோவில் ஒரு வரிசை வீட்டின் பின்வளவில் அதைப் பிரித்த குடும்பத்தில் ஐந்து பேர்: தகப்பன், தாய், பதின்வயதில் ஒரு மூத்தவள், அவளுக்குப் பின்னால் ஓர் இளையவன், அப்பம்மா. ஓர் ஆளின் இடம் மிஞ்சும், அதில் பைகளை அடுக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இவ்வளவு பெரிய குவிமாடக் கூடாரத்தை வாங்கியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது மூத்தவளின் அளவுநாடா. தரை பத்தடிக்குப் பத்தடி, அதாவது 305 சென்ரிமீற்றர். வழக்கமான படுக்கை விரிப்பின் அகலம் 51 சென்ரிமீற்றர். ஆறு விரிப்புக்கு 306. ஆக, கூடாரம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை; ஆறு விரிப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டால் ஒரு சென்ரிமீற்றர்தான் இடிக்கும். புரண்டு படுக்கிறவருக்கும், நடுச்சாமத்தில் எழும்பி வெளியே போகிறவருக்கும், பைக்கும், செருப்புக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து இரண்டைக் கழி என்பது முகாமடித்துப் பழகியவர்கள் எல்லோரும் சொல்லும் புத்தி. கழித்தால் இது நாலு பேருக்கான கூடாரம். வந்திருப்பதோ ஐந்து பேர். பைகள் காரிலேயே கிடக்கட்டும் என்று அங்கேயே தீர்ப்பாயிற்று.

போகிற இடம் அல்கோன்குயின் மாகாணப் பூங்கா. 1893இல் ஒதுக்கப்பட்ட காடு. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தை ஏழு தரம் உள்ளே வைக்கலாம். காரில் போய் முகாமடிக்கிறவர்கள் பெரும்பாலும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டியே தங்குவார்கள். அந்தச் சாலை பூங்காவின் தென்பகுதியை 56 கிலோமீற்றருக்கு ஊடறுத்துப் போகிறது. கோடையில் அங்கே இடம் வேண்டுமென்றால் ஐந்து மாதத்துக்கு முன்னரே, காலையில் பதிவு திறக்கும்போது கணினிக்கு முன்னால் குந்தியிருக்க வேண்டும்.

அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்துக்கு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால், ரொறொன்ரோ நெரிசலைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, பொழுதுபடும் வேளையில்தான் போய்ச் சேரலாம். அது நுளம்பு கிளம்பும் நேரம். மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எந்தக் கம்பு எந்த ஓட்டைக்கு என்று படிக்கிற இடம் அதுவல்ல. அந்தப் படிப்பைப் பின்வளவில் படித்துவிட வேண்டும் என்பதில் தாய் உறுதியாக இருந்தார். தகப்பனுக்கு இது வீண் வேலையாகப் பட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முளைகளையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

கம்பை உறைக்குள் விடும் இடத்தில்தான் முதல் சத்தம் எழுந்தது. பைபர்கிளாஸ் துண்டுகளை உள்ளே ஓடும் எலாஸ்ரிக் கயிறு கோத்து வைத்திருக்கிறது. துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, துணியில் தைத்திருக்கும் நீள உறைக்குள் ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும். மறுபக்கம் நின்று இழுத்தால் பொருத்து கழலும். கழன்ற இடைவெளிக்குள் துணி போய் மாட்டும். இளையவன் இழுத்தான்.

"டேய், உதை இழுக்காதை! தள்ளு, தள்ளு!"

"தள்ளினா வருதில்லை அப்பா."

"வராட்டி இழுக்கிறதே? துணியைச் சுருக்கிச் சுருக்கி விடு."

உள்ளே கழன்ற துண்டைத் துணிக்கு மேலாகத் தடவிக் கண்டுபிடித்து, மறுபடி பொருத்தி, பின்னுக்கு நகர்த்தி எடுக்க நல்ல நேரம் பிடித்தது. அதற்குள் தகப்பனின் கட்டைவிரலில் பைபர்கிளாஸ் சிம்பு ஒன்று ஏறிவிட்டது. தோட்டக் கையுறை ஒரு சோடி சாமான் பட்டியலில் சேர்ந்தது இப்படித்தான். இரண்டு கம்பும் குறுக்கே வளைந்து நாலு மூலை ஓட்டைகளிலும் ஏறியதும் கூடாரம் தன்பாட்டில் எழும்பி நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வளைவுகளைக் கொண்டு பெரிய இடத்தை மூடும் வித்தையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்ரர் ஃபுல்லர். முக்கோணங்களால் பின்னிய குவிமாடத்துக்கு 1954இல் காப்புரிமை பெற்றார். மொன்றியலுக்குப் போனவர்கள் அவருடைய கைவரிசையைப் பார்த்திருப்பார்கள்: 1967 உலகக் கண்காட்சிக்கு அமெரிக்கா கட்டிய கோளம், 76 மீற்றர் விட்டம். 1976இல் தீப்பிடித்தபோது அதன் அக்ரிலிக் போர்வை முழுவதும் எரிந்து போயிற்று. உருக்குச் சட்டகம் அப்படியே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. அந்தத் தீக்கு முந்திய ஆண்டு, 1975இல், நோர்த் ஃபேஸ் நிறுவனம் ஃபுல்லரின் யோசனையைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து ஓவல் இன்ரென்ஷன் என்ற பெயரில் விற்றது. பல கம்புகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிப் போவதுதான் அதன் பலம். ஒவ்வொரு சந்தியும் கம்புக்கு ஒரு தாங்கல்.

கடைகளில் இன்று மலிவாகக் கிடைக்கும் குடும்பக் கூடாரம் அந்தப் பரம்பரையில் வந்ததுதான் என்றாலும் அந்த வீரியம் இதற்கு இல்லை. இரண்டே கம்பு, உச்சியில் ஒரே சந்தி. அங்கிருந்து நிலம் வரைக்கும் கம்பு தனியாக நிற்கிறது. ஒரு கம்பின் தாங்கலில்லாத நீளம் இருமடங்கானால் அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளு நாலு மடங்கு. இரண்டு பேர் தவழ்ந்து நுழையும் சின்னக் கூடாரம் இந்தக் கணக்கில் தப்பிவிடும்; ஆறடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கும் பெரிய கூடாரம்தான் மாட்டிக்கொள்ளும். விற்பவர்கள் உயரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், காற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

காற்று தானாகவே வந்து பேசிற்று. முளை அடிக்க முன்னர் எல்லோரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம், ஏரிப் பக்கமிருந்து ஒரு வீச்சு. திரும்பி வந்து பார்த்தால் கூடாரம் ஒரு பக்கமாய்ச் சரிந்து வேலியில் சாய்ந்து கிடந்தது. எவ்வளவு பெரிதானாலும் துணிக்குப் பாரம் இல்லை.

அப்பம்மா கதிரையைப் போட்டுக் குந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடார வாழ்க்கை அவருக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் கிளம்பியபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களில் அவரும் ஒருவர். தென்மராட்சியில் கொஞ்சக் காலம், பிறகு கிளாலி கடந்து வன்னியில் கொஞ்சக் காலம், மாரி மழைக்குள் தறப்பாள் கொட்டிலில் பிள்ளைகளை வைத்துக் காத்தவர். அப்படி ஒன்றைக் காசு குடுத்து வாங்கி, லீவு போட்டு, காட்டுக்குப் போய்ப் படுக்கிறது என்ன கூத்து என்று அவர் கேட்டதற்கு மகனிடம் மறுமொழி இருக்கவில்லை. பேரனிடம் இருந்தது. "ஃபன், அப்பம்மா."

ஃபன் என்னவோ, வேலை அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பெட்டியோடு வந்த மெல்லிய கம்பி முளைகளைத் தகப்பன் நேராக அடித்தார். அப்பம்மா எழும்பி வந்து, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி சரித்து அடிக்கச் சொன்னார். கயிறு இழுக்கும் திசைக்கு முளை குறுக்கே நின்றால்தான் மண் பிடிக்கும். கயிற்றில் கோத்திருந்த பிளாஸ்ரிக் துண்டை அவர் நம்பவில்லை. இழுத்தால் இறுகி, தட்டினால் கழலும் முடிச்சொன்றை விரல்கள் பார்க்காமலே போட்டன. மூத்தவள் அதை ஃபோனில் படம் எடுத்தாள். அப்பம்மா திரும்பச் செய்து காட்டினார், இம்முறை மெதுவாக.

"சுத்திவர வாய்க்கால் வெட்ட வேணும் மோனை. இல்லாட்டி வெள்ளம் உள்ளுக்க வரும்."

"அங்க மண் கிண்டக் குடாதம்மா. வேர் பழுதாப் போகுமெண்டு விடமாட்டினம்."

"அப்ப மேடு பாத்து அடி."

பழைய முகாம் புத்தகங்களும் வாய்க்கால் வெட்டத்தான் சொல்லின. இப்போது பூங்காக்கள் எங்கும் அது கூடாது. மேடு பார்த்து அடிப்பதும், கீழே விரிக்கும் தறப்பாளின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டாமல் மடித்து விடுவதும்தான் மிச்சமுள்ள வழி. நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து நேரே படுக்கைக்கு அடியில் போய்த் தேங்கும். கடையில் வாங்கிய நீலத் தறப்பாள் கூடாரத் தரையைவிடப் பெரிதாக இருந்ததால், நாலு பக்கமும் மடித்து விட்டார்கள்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. மேல்விரிப்பின் ஓரத்தில் 1,500 மில்லிமீற்றர் என்று அச்சிட்ட துண்டு ஒன்று தைத்திருந்தது. ஒரு குழாயின் அடியில் அந்தத் துணியைக் கட்டி நீர் ஊற்றினால் ஒன்றரை மீற்றர் உயரம் வரைக்கும் தாங்கும், அதற்குமேல் பொசியும் என்று பொருள். சாதாரண மழைக்கு இது போதும். முழங்காலை ஊன்றும் தரைக்கு அழுத்தம் கூட என்பதால் அங்கே இதைவிடக் கூடுதலான எண் இருப்பது நல்லது. ஆனால் துணி எவ்வளவு நல்லதானாலும், தையல் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். அதை மறைக்கத்தான் உள்பக்கம் தையலின் மேல் ஒரு நாடாவைச் சூடேற்றி ஒட்டுகிறார்கள்.

புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் கூடாரத்துக்கு மேலே விழும்படி திறந்துவிட்டு, மூத்தவளும் இளையவனும் டோர்ச்சோடு உள்ளே போய் மல்லாந்து கிடந்தார்கள். பொலியெஸ்ரரில் தண்ணீர் விழும் சத்தத்தில் வெளியே கூப்பிடுவது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு மேலே, இரண்டு தையல் சந்திக்கும் மூலையில், ஒரு துளி திரண்டது. கீழே இறங்காமல் தையலோடு வழுக்கிக்கொண்டு வந்து, சிப்பின் முனையில் நின்று, இளையவனின் நெற்றியில் விழுந்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தால், அந்த மூலையில் நாடாவின் நுனி உரிந்து சுருண்டிருந்தது. காட்டுக்குள் இரவு இரண்டு மணிக்குத் தெரியவந்திருந்தால் இதுவே பெரிய ஒப்பாரியாகியிருக்கும். இங்கே, துணி காய்ந்த பிறகு பிள்ளைகள் கலர் அடிக்கும் தூரிகையால் தையல் பசையைப் பூசி ஒரு நாள் காயவிட்டதோடு கதை முடிந்தது. பசை வாங்கும்போது பூச்சு எதுவென்று பார்த்து வாங்க வேண்டும். சிலிக்கோன் பூசிய துணியில் பொலியூரித்தேன் பசை ஒட்டாது.

பசை காய்ந்ததும், ஓர் இரவு ஐந்து பேரும் உள்ளே படுத்துப் பார்த்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் அல்கோன்குயின் மேட்டு நிலத்தில் இரவு பத்துப் பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். ஸ்காபரோவில் அவ்வளவு குளிர் இல்லை. இருந்தும் மாமிக்குப் பனி பிடித்துவிடும் என்று தாய் சன்னல் சிப்புகளை எல்லாம் இழுத்து மூடினார். விடிய எழும்பிப் பார்த்தால் மேல்விரிப்பின் உள்பக்கம் முழுக்க ஈரம். சுவரோரம் படுத்த தகப்பனின் தூக்கப்பையில் ஒரு பக்கம் நனைந்திருந்தது. குவிமாடத்தின் சுவர் உள்நோக்கிச் சாய்வதால் ஓரத்தில் படுப்பவர் அதில் உரசாமல் இருக்க முடியாது.

"பசை பிடிக்கேல்லைப் போல," என்றார் அவர்.

இரவு முழுக்க மழையே இல்லை. அது அவர்களுடைய மூச்சு. நித்திரையில் ஓர் ஆள் மூச்சாலும் வியர்வையாலும் சுமார் கால் லீற்றர் நீரை வெளியே விடுகிறார். ஐந்து பேருக்கு ஒரு லீற்றருக்கு மேல். அது போக வழியில்லாவிட்டால் குளிர்ந்த துணியில் போய்ப் படியும். கூரையில் வலை வைத்திருப்பதும், மேல்விரிப்பைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக் கட்டச் சொல்வதும் இதற்காகத்தான். குளிருக்கு இன்னொரு போர்வை போர்த்தலாம், காற்றுவழியை அடைக்கக் கூடாது. கூடாரத்துக்குள் அடுப்பு வைத்துச் சூடேற்றும் யோசனையைத் தகப்பன் எடுத்த உடனேயே மூத்தவள் அடித்து விழுத்தினாள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள்.

அப்பம்மாவோடு பெரிய சண்டை சாப்பாட்டில் வந்தது. பயணத்துக்கென்று அவர் அரியதரமும் முறுக்கும் சுட்டு, ரின்னில் அடைத்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அல்கோன்குயினில் கருங்கரடி உண்டு. சாப்பாடு, குப்பை, பற்பசை, மணக்கும் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது; காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது பூங்காவின் கண்டிப்பான விதி. ரின்னுக்குள் இருந்தால் கரடிக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். கரடியின் மூக்கைப் பற்றி இளையவன் ஒரு பிரசங்கமே செய்தான். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

மடிப்பதையும் ஒத்திகை பார்த்தார்கள். நன்றாகக் காயவிட்டு, கதவுக்கு எதிர்ப்பக்கமிருந்து சுருட்டி வந்தால்தான் காற்று வெளியேறும். ஈரத்தோடு சுருட்டினால் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூச்சும் பிசுபிசுத்துப் போகும். என்ன சுருட்டியும் அது வந்த பைக்குள் திரும்பப் போகவில்லை. தாய் அதைவிடப் பெரிய பயணப் பையொன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒடிந்த கம்புக்குப் பத்தை கட்ட ஒரு சாண் அலுமினியக் குழாயும், ஒட்டும் நாடாவும், தடித்த முளைகளும் அதே பைக்குள் போயின.

பயண நாளில் நெரிசல் நினைத்தபடியே இருந்தது. அல்கோன்குயினின் லேக் ஒவ் ரூ றிவர்ஸ் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நுளம்பு வந்துகொண்டிருந்தது. ஒருவரும் கத்தவில்லை. இளையவன் கம்பைத் தள்ளினான், மூத்தவள் மறுமுனையில் துணியைச் சுருக்கி விட்டாள். அப்பம்மா ஒரு தண்ணீர்ப் போத்தலோடு மனையைச் சுற்றி நடந்து, அங்கங்கே கொஞ்சம் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, பைன் மரத்துக்குக் கிட்ட ஓரிடத்தைக் காட்டினார். மேலே காய்ந்த கொப்பு ஒன்று தொங்குவதைக் கண்டு தகப்பன் அங்கிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப் போட்டார். முடிச்சுகளை மூத்தவள் போட்டாள்.

எல்லாம் முடிந்து உள்ளே விரிப்புப் போடும்போது அப்பம்மாவின் குரல் கேட்டது.

"அரியதர ரின் எங்க?"

"காருக்குள்ள, அப்பம்மா."

"பூட்டினதோ?"

"ஓம், பூட்டியாச்சு."

"அப்ப திறப்பைத் தா."